உங்களுக்குக் காசு யார் தர்றாங்க? – கிளையன்ட் பக்கம் உட்கார்ந்து ஒரு கேரியர்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையைக் கூடியவரை அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் குறைத்திருக்கிறோம்.)



போன மாசம் இன்பாக்ஸ்ல வந்த கேள்விகளை உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். "எந்த ஃபண்ட் வாங்கலாம்?" வழக்கம்போல முதலிடம். இரண்டாவது இடத்துல வந்த கேள்விதான் இன்னைக்கு எபிசோட்: "அக்கா, நானும் ஃபைனான்ஷியல் அட்வைசர் ஆகணும். எங்கே ஆரம்பிக்கிறது?" கேட்டவங்கள்ல பாதிக்கு மேல பொண்ணுங்க. பி.காம்., எம்.பி.ஏ. முடிச்சவங்க, பேங்க்ல இரண்டு வருஷம் இருந்துட்டு வெளியே வர யோசிக்கிறவங்க, குழந்தை பிறந்த பிறகு மறுபடி வேலைக்கு வர நினைக்கிறவங்க.

நான் இருக்கிறது கோயம்புத்தூர். ஒரு பேங்க்ல ஆறு வருஷம் ரிலேஷன்ஷிப் மேனேஜர், பிறகு மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர், இப்போ செபியில் பதிவு செய்த முதலீட்டு ஆலோசகர். மூணு நாற்காலியிலயும் உட்கார்ந்து பார்த்தாச்சு. அதுல எனக்குப் புரிஞ்சது இதுதான். "கிளையன்ட்தான் எங்களுக்கு முதல்"னு எல்லா ஆபீஸ் சுவத்துலயும் எழுதியிருக்கும். ஆனா உங்க வருமானம் எந்தப் பக்கத்திலிருந்து வருதோ, உங்க வாய் மெல்ல மெல்ல அந்தப் பக்கம்தான் பேசும். நல்ல மனசு இருந்தா மட்டும் அதை மாத்திட முடியாது. அதனால கேரியரைத் தொடங்கும்போதே காசு வர்ற வழியை யோசிச்சு அமைச்சுக்கணும். அதை எப்படிப் பண்றதுன்னு பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை: இந்த எபிசோட்ல எந்த ஃபண்ட் பேரும், எந்தக் கம்பெனி பேரும் வராது.

கார்டுல என்ன போடலாம்?

இந்தியாவில் மியூச்சுவல் ஃபண்ட் பற்றி மக்களிடம் பேசிச் சம்பாதிக்க முக்கியமாக இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, விநியோகஸ்தர். என்.ஐ.எஸ்.எம். நடத்தும் 5-ஏ தேர்வில் தேறி, ஆம்ஃபியில் பதிவு செய்து ஏ.ஆர்.என். எண் வாங்க வேண்டும். கிளையன்ட் நேரடியாக உங்களுக்குப் பணம் தர மாட்டார். அவர் போட்ட முதலீடு ஃபண்டில் இருக்கும்வரை, ஃபண்ட் நிறுவனம் உங்களுக்கு டிரெயில் கமிஷன் தரும்.

இரண்டாவது வழி, முதலீட்டு ஆலோசகர். இது 2013-இல் வந்த செபி விதிமுறைகளின் கீழ் வருகிறது. 10-ஏ, 10-பி என்று இரண்டு தேர்வுகள் எழுதி, செபியில் பதிவு செய்ய வேண்டும். கிளையன்ட்தான் உங்களுக்குக் கட்டணம் தருவார். தனிநபராக இந்தப் பதிவை எடுத்தால் கமிஷன் வாங்கும் விநியோகத்தை நீங்கள் செய்ய முடியாது. ஒரு கையில் கட்டணம், மறு கையில் கமிஷன் என்பதற்கு இடமே இல்லை.

2020-இல் செபி இன்னொன்றையும் தெளிவாக்கியது. பதிவு பெறாத விநியோகஸ்தர்கள் தங்களை 'இன்டிபென்டன்ட் ஃபைனான்ஷியல் அட்வைசர்', 'வெல்த் அட்வைசர்' என்றெல்லாம் சொல்லிக்கொள்ளக் கூடாது. அதனாலதான் சொல்றேன், "ஃபைனான்ஷியல் அட்வைசர் ஆகணும்"னு கேட்கிறதுக்கு முன்னாடி, எந்த வழின்னு முதல்ல முடிவு பண்ணுங்க. கார்டுல போடற பட்டம் அதைப் பொறுத்ததுதான்.

நாட்டில் ஏ.ஆர்.என். வைத்திருப்பவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். செபியில் பதிவு பெற்ற ஆலோசகர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர்தான். ஏன் இவ்வளவு வித்தியாசம்? கணக்கைப் பார்த்தா புரியும்.

அதே ஒரு லட்சம், மூணு விதமா

ஒருத்தர் உங்ககிட்ட வந்து, "வருஷத்துக்கு ஒரு லட்சம் எடுத்து வைக்கலாம்னு இருக்கேன், என்ன பண்ணட்டும்?"னு கேட்கிறார்னு வச்சுக்கோங்க.

எண்டோமென்ட் வகை இன்ஷூரன்ஸ் பாலிசியில் அதைப் போட வைத்தால், பல பாலிசிகளில் முதல் வருடப் பிரீமியத்தின் கால் பங்கு கமிஷனாகவே போகும். அதாவது விற்பவருக்கு ஏறத்தாழ 25,000 ரூபாய். ஈக்விட்டி ஃபண்டின் ரெகுலர் திட்டத்தில் போட்டால், டிரெயில் ஒரு சதவீதத்தை ஒட்டியோ சற்றுக் குறைவாகவோ இருக்கும். 0.8 சதவீதம் என்று வைத்தால் வருடத்துக்கு 800 ரூபாய். ஃபண்டின் டைரக்ட் திட்டத்தில் போடச் சொன்னால் கமிஷன் சுத்தமாகக் கிடையாது.

25,000, 800, பூஜ்யம். மாசக் கடைசி, டார்கெட் இன்னும் முடியல, மேனேஜர் காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை போன் பண்றார். அந்த நேரத்துல எதிர்ல உட்கார்ந்திருக்கிறவருக்கு எது நல்லதுன்னு நிதானமா யோசிக்கிறது எவ்வளவு கஷ்டம்னு, பேங்க்ல இருந்தவங்களுக்குத் தெரியும். அங்கே இருக்கிறவங்க யாரும் கெட்டவங்க இல்லை. அமைப்பு அப்படி.

இதைச் சரிசெய்யச் செபியும் பல வருடங்களாகப் பார்க்கிறது. முதலீட்டாளரின் பணத்திலேயே பிடித்துக்கொண்டிருந்த என்ட்ரி லோடு 2009 ஆகஸ்டில் ஒழிந்தது. 2013 ஜனவரியில் டைரக்ட் திட்டங்கள் வந்தன. 2018 அக்டோபரில், ஃபண்டை விற்றதும் மொத்தமாகத் தரும் முன்கமிஷன் முறையை நிறுத்தி, டிரெயில் மட்டும்தான் என்று ஆக்கினார்கள். கிளையன்ட் நீண்ட காலம் இருந்தால்தான் விநியோகஸ்தருக்கும் வருமானம் என்பது நல்ல மாற்றம்.

டைரக்டுக்கும் ரெகுலருக்கும் உள்ள வித்தியாசம் சின்னதாகத் தெரியும். மாதம் 10,000 ரூபாய், 20 வருடம் போட்டால் 12 சதவீத வளர்ச்சியில் ஒரு கோடியை ஒட்டி வரும். 11 சதவீதம் என்றால் 87 லட்சத்தை ஒட்டி. 12 என்பது கணக்குக்கு எடுத்துக்கொண்ட எண், யாரும் உத்தரவாதம் தரவில்லை. ஆனால் அந்த ஒரு சதவீதத்தின் விலை ஏறக்குறைய 12 லட்சம்.

அதுக்காக ரெகுலர் திட்டத்துல இருக்கிறவங்க எல்லாரும் ஏமாந்தவங்கன்னு நான் சொல்லலை. 2020 மார்ச்சில் நிஃப்டி இரண்டே மாதத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் விழுந்தது. அப்போ "எல்லாத்தையும் எடுத்துடுங்க"ன்னு போன் பண்ணவங்களை உட்கார வச்சுப் பேசி, எஸ்.ஐ.பி.யை நிறுத்தாம பார்த்துக்கிட்ட விநியோகஸ்தர் அந்த ஒரு சதவீதத்தை உழைச்சுத்தான் வாங்கினார். கிளையன்ட் கிட்ட தான் என்ன வாங்கறோம்னு சொல்லிட்டு வாங்கறவர் எந்த வழியில இருந்தாலும் மரியாதைக்குரியவர்.

இதுல வீடு ஓடுமா?

இதை யாரும் மேடையில பேசறதில்ல. நாம பேசிடலாம்.

விநியோகஸ்தராக மாதம் 50,000 ரூபாய் வேண்டும் என்றால் வருடத்துக்கு 6 லட்சம். 0.8 சதவீத டிரெயிலில், உங்கள் வழியாக ஏழரைக் கோடி ரூபாய் முதலீடு இருக்க வேண்டும். முதல் மாதமே உங்களிடம் நூறு பேர் வந்து, ஆளுக்கு 5,000 ரூபாய் எஸ்.ஐ.பி. தொடங்கினார்கள் என்றே வைத்துக்கொள்வோம். மாதம் 5 லட்சம், வருடத்தில் 60 லட்சம் சேரும். அந்த முதல் வருடம் முழுக்க உங்களுக்குக் கிடைக்கும் டிரெயில் சுமார் 26,000 ரூபாய். மாதத்துக்கு இரண்டாயிரத்துச் சொச்சம். சந்தை வளர்ச்சியைச் சேர்க்காமல் பார்த்தால் ஏழரைக் கோடியைத் தொட 12 வருடத்துக்கு மேல் ஆகும்.

இந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் பலர் இன்ஷூரன்ஸ் பக்கம் சாயறாங்க. முதல் இரண்டு வருஷம் வீட்டு வாடகை கட்டணுமே! அந்த இடத்துலதான் கிளையன்ட் நலன் முதல்ல அடி வாங்கும்.

ஆலோசகர் வழியில் கணக்கு வேறு. ஒரு குடும்பத்துக்கு வருடம் 18,000 ரூபாய் கட்டணம் என்றால், 35 குடும்பங்களில் 6 லட்சத்துக்கு மேல் வந்துவிடும். நிலையான கட்டணமாக வாங்கினால் ஒரு குடும்பத்துக்கு வருடம் 1,51,000 ரூபாய் வரைதான் வாங்கலாம் என்று செபி உச்சவரம்பு வைத்திருக்கிறது. 35 குடும்பம் என்பது நூறு கிளையன்டைவிடச் சின்ன எண். ஆனால் "ஆலோசனைக்கு எதுக்குக் காசு?" என்று கேட்கும் ஊரில், அந்த 35 பேரைக் கண்டுபிடிப்பதுதான் முழு வேலையும்.

நான் ஏ.ஆர்.என்.ஐ விட்டுட்டுச் செபி பதிவுக்கு மாறின முதல் வருஷம் என் வருமானம் பாதிக்கும் கீழே போச்சு. பழைய கிளையன்ட்கள்ல நிறைய பேர், "கமிஷனே வாங்கிக்கோங்க மேடம், கையிலிருந்து செக் எழுதறதுதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு"ன்னு சொன்னாங்க. கண்ணுக்குத் தெரியாம போற காசு வலிக்காது. அதை மனசுல வச்சுக்கோங்க. குறைஞ்சது 18 மாசச் செலவுக்கு கையில பணம் இல்லாம இந்தப் பக்கம் வராதீங்க. அந்தச் சேமிப்புதான் நீங்க "வேண்டாம்"னு தைரியமா சொல்றதுக்கான மூலதனம்.

"சார் வரலீங்களா?"

பொண்ணுங்க கேட்ட கேள்விக்கு வர்றேன்.

முதல் சந்திப்புக்குப் போய்க் கதவைத் தட்டினா, பெரியவர் ஒருத்தர் திறப்பார். என்னைப் பார்ப்பார், எனக்குப் பின்னாடி எட்டிப் பார்ப்பார். "ஏனுங்க அம்மணி, சார் வரலீங்களா?" எங்க பக்கம் இதைக் கோபத்தோட சொல்றதில்ல, பாசமாத்தான் கேட்பாங்க. ஆனா கேள்வி கேள்விதான். பணம்னா ஆம்பளை வருவார்னு எதிர்பார்ப்பு.

வேடிக்கை என்னன்னா, நம்ம தெருக்கள்ல சேமிப்பை வளர்த்தவங்கள்ல பெரும்பங்கு பெண்கள்தான். போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. அட்டையைப் பையில போட்டுக்கிட்டு வீடு வீடா வர்ற அக்காவை ஞாபகம் இருக்கா? அந்த ஏஜென்ட் திட்டம் 1972-இல் தொடங்கியது. பெயர் 'மகிளா பிரதான் க்ஷேத்ரிய பசத் யோஜனா'. அதில் பெண்கள் மட்டும்தான் ஏஜென்ட் ஆக முடியும். ஆர்.டி. வசூலுக்கு 4 சதவீதம் கமிஷன். எந்த வீட்டுல யார் குடிக்கிறாங்க, எந்தப் பாட்டி அரிசி டப்பாவுக்குள்ள பணம் வைக்கிறாங்க, எந்த மருமக புருஷனுக்குத் தெரியாம மகளுக்குச் சேர்க்கிறாங்க, எல்லாம் அந்த அக்காவுக்குத் தெரியும். ஆயிரம் ரூபாய் ஆர்.டி.க்காக வீட்டுக்குள்ள கூப்பிட்டு மோர் கொடுத்துப் பேசின நம்பிக்கை அது.

அந்த நம்பிக்கை இன்னைக்கும் நமக்குக் கிடைக்குது. ஆண் ஆலோசகர் வந்தா ஹால்ல புருஷன் பேசுவார், மனைவி காபி கொண்டுவந்து வச்சுட்டு உள்ளே போயிடுவாங்க. நான் போனா அவங்க கொஞ்ச நேரம் நிக்கிறாங்க. "நீங்களும் உட்காருங்க, நீங்க இல்லாம நான் ஆரம்பிக்க மாட்டேன்"னு நான் சொன்னா பெரும்பாலும் உட்கார்றாங்க. என் வேலையில இருக்கிற ஒரே கண்டிப்பான விதி அதுதான். கணவன், மனைவி இரண்டு பேரும் இல்லாம முதல் சந்திப்பு கிடையாது.

2025-இல் செபியும், மியூச்சுவல் ஃபண்டுக்குப் புதிதாக வரும் பெண் முதலீட்டாளர்களைக் கொண்டுவரும் விநியோகஸ்தர்களுக்குக் கூடுதல் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 2,000 ரூபாய் என்று அறிவித்தது. நல்ல விஷயம். ஆனா மனைவி பேர்ல ஒரு கணக்கைத் திறந்து, ஓ.டி.பி. புருஷன் போனுக்கு வர்ற மாதிரி வச்சா, அவங்களுக்கு அதனால ஒண்ணும் ஆகப்போறதில்ல. போன் நம்பரும் மெயிலும் அவங்களுதா இருக்கான்னு பாருங்க.

நடைமுறை விஷயம் இரண்டு. ஒண்ணு, பாதுகாப்பு. புது ஆள்னா முதல் சந்திப்பு ஆபீஸ்லயோ வீடியோ கால்லயோதான். யாரோட அறிமுகமும் இல்லாத வீட்டுக்குத் தனியா போறதில்லைன்னு வச்சுக்கோங்க. இதைச் சொன்னதுக்காக விலகிப் போற கிளையன்ட் போகட்டும். இரண்டு, பிரசவம். டிரெயில் வருமானம் நீங்க ஆறு மாசம் வீட்ல இருந்தாலும் வரும். கட்டண வருமானம், வேலை பார்த்தாத்தான் வரும். அதனால ஆலோசகர் வழிக்கு வர்றவங்க இடைவெளியை முன்னாடியே திட்டம் போடணும். வருஷாந்தர ரிவ்யூ மாசங்களை நகர்த்தி வைக்கலாம், நம்பிக்கையான இன்னொரு பதிவு பெற்ற ஆலோசகரோட ஏற்பாடு பண்ணிக்கலாம்.

முதல் சந்திப்புல எதையும் பரிந்துரைக்காதீங்க

கிளையன்ட் பக்கம் உட்கார்றதுன்னா செயல்ல என்ன அர்த்தம்? ஒரு குடும்பத்தை வச்சுச் சொல்றேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாத்தியிருக்கேன்.

திருப்பூர்ல பவர் டேபிள் யூனிட் வச்சிருக்கிற தம்பதி. பன்னிரண்டு பேர் வேலை செய்யறாங்க. மெஷின் லோன் ஒண்ணு, பேங்க்ல ஓ.டி. ஒண்ணு. அஞ்சு வயசுப் பொண்ணு. பொண்ணு படிப்புக்குன்னு வருஷம் ஒரு லட்சம் பிரீமியத்துல ஒரு சைல்டு பிளான் எடுக்கலாம்னு முடிவோட வந்தாங்க. என் கட்டணத்தைச் சொன்னதும் அவர் கேட்டார்: "ஏனுங்க மேடம், ஏஜென்ட் சும்மாவே வந்து சொல்லிட்டுப் போறாருங்க. நீங்க பதினெட்டாயிரம் கேக்கறீங்களே?"

நான் முன்னாடி சொன்ன கணக்கைத்தான் பேப்பர்ல எழுதிக் காட்டினேன். "அவருக்கு நீங்க காசு தரலைங்க. ஆனா உங்க பிரீமியத்திலிருந்துதான் அவருக்குப் போகுது. எனக்கு நீங்க நேரா தர்றீங்க. அதனால பாலிசி எடுத்தாலும் எடுக்கலைன்னாலும் எனக்கு ஒண்ணுதான்."

அப்புறம் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவங்க முன்னாடியே எழுத ஆரம்பிச்சேன். நகை எவ்வளவு, எந்த நகை அடகுல இருக்கு. சீட்டு எத்தனை, பதிவு பண்ணதா, தெரிஞ்சவங்க நடத்துறதா. பழைய பாலிசிகள். யாருக்குக் கைமாத்து கொடுத்திருக்காங்க, யார்கிட்ட வாங்கியிருக்காங்க. யார் கடனுக்காவது ஜாமீன் கையெழுத்து போட்டிருக்காங்களா. சீட்டுன்னு சொன்னதும் முகம் சுளிக்காதீங்க. பதிவு பெற்ற சீட்டில் நடத்துபவருக்கான கமிஷன் 7 சதவீதம் வரை இருக்கலாம், தள்ளி எடுத்தால் என்ன கிடைக்கும், முதலில் எடுத்தால் என்ன வட்டி விழும் என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள். முடிவு அவர்களுடையது.

அரை மணி நேரம் கணவர்தான் பேசினார். ஓ.டி. பத்தி நான் கேட்டப்போ, "அது ஓடிட்டிருக்குங்க"ன்னு முடிச்சுட்டார். அப்போதான் மனைவி பேசினாங்க: "சனிக்கிழமை சம்பளம் போடறதுக்கே ஓ.டி.யிலதானுங்க எடுக்கறோம். இதுல லட்ச ரூபா பிரீமியம் எங்கிருந்துங்க?" யூனிட்டோட சம்பளக் கணக்கு எழுதறது அவங்கதான். அந்த ஒரு வாக்கியம் இல்லாம நான் எந்தத் திட்டம் போட்டிருந்தாலும் இரண்டாவது வருஷம் உடைஞ்சிருக்கும். பாதியில நின்ன பாலிசி, கட்டின பணத்துல பெரிய பகுதி நஷ்டம்.

அந்தக் குடும்பத்துக்கு நான் எழுதிக் கொடுத்தது மூணு வரி. முதலில் ஓ.டி.யைக் குறைப்பது, கூடவே இரண்டு மாதச் சம்பளத் தொகையைத் தனியாக வைப்பது. அடுத்து, கணவருக்கு ஒரு கோடிக்கு டேர்ம் இன்ஷூரன்ஸ். அந்த வயதுக்கு, உடல்நிலை சரியாக இருந்தால், ஒரு லட்சத்தில் சிறு பகுதிதான் பிரீமியம். பெண்ணின் படிப்புக்கான சேமிப்பு, ஓ.டி. இறங்கிய பிறகு.

டேர்ம் பாலிசி எடுக்கும்போது ஒரு விஷயம் கேட்டு வாங்கச் சொன்னேன். 1874-ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டம், 6-ஆவது பிரிவு. கணவர் அந்தச் சட்டத்தின் கீழ் மனைவி, குழந்தைகள் பெயரில் பாலிசி எடுத்தால், அந்தப் பணம் அவர்களுக்கான அறக்கட்டளை போல ஆகிவிடும். தொழில் கடன் கொடுத்தவர்கள் அதில் கை வைக்க முடியாது. கடன்காரர்களை ஏமாற்றவே எடுத்தது என்று நிரூபித்தால் மட்டும் விதிவிலக்கு. பாலிசி எடுக்கும் நேரத்திலேயே இதைக் குறிப்பிட வேண்டும், பிறகு சேர்க்க முடியாது. இதற்கென்று தனியாகப் பிரீமியம் கிடையாது. கடனோட தொழில் நடத்துற ஊர்ல, நூத்தைம்பது வருஷப் பழைய இந்தச் சட்டம் ஒரு பொண்ணோட வாழ்க்கையைக் காப்பாத்தலாம். ஆனா இதைச் சொல்றதால யாருக்கும் கமிஷன் கூடாது. அதனாலதான் பலருக்கு இது தெரியவே இல்லைன்னு நினைக்கிறேன்.

கேட்டதைக் கொடுக்கிறது வேற

கிளையன்ட் சொல்றதுக்கெல்லாம் தலையாட்டறதுதான் கிளையன்ட் சேவைன்னு நினைச்சா இந்த வேலை வேண்டாம்.

சரவணம்பட்டி ஐ.டி. கம்பெனியில வேலை பார்க்கிற 26 வயசுப் பையன், "மேடம், ஆப்ஷன்ஸுக்கு மாசம் இருபதாயிரம் ஒதுக்கி ஒரு பிளான் போட்டுக் கொடுங்க"ன்னு வந்தார். 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வைக் காட்டினேன். 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில், எஃப் அண்ட் ஓ வணிகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். "நான் அந்த ஏழு சதவீதம்"னு சிரிச்சார். "இருக்கலாம் தம்பி. ஆனா அதுக்கான திட்டத்துல என் கையெழுத்து இருக்காது"ன்னு சொன்னேன். போயிட்டார். இன்னும் திரும்பி வரலை. அந்த 18,000 எனக்கு அந்த மாசம் தேவைப்பட்டதுதான். 18 மாசச் செலவுப் பணம் எதுக்குன்னு இப்போ புரியுதா?

நிஜமான பரீட்சை

ஒரு ஆலோசகர் எப்படிப்பட்டவர்னு வருமானம் எத்தனை சதவீதம்னு பார்த்துச் சொல்ல முடியாது. அந்த வீட்டுல ஒரு சாவு விழுந்த பிறகுதான் தெரியும்.

நாமினி போட்டாச்சு, முடிஞ்சதுன்னு நினைக்கிறோம். ஷேர்களைப் பொறுத்தவரை நாமினி என்பவர் சொத்தைப் பெற்று வைத்திருப்பவர்தான், உரிமை வாரிசுகளுக்கே என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இந்து ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, பிள்ளைகள், அவருடைய அம்மா எல்லோருக்கும் சம பங்கு. இது கல்யாணமாகி இரண்டு வருஷமான ஐ.டி. தம்பதிகளுக்குச் சொன்னா இரண்டு பேருமே ஆச்சரியப்படறாங்க. மாமியாருக்குப் பங்கு உண்டுன்னு மருமகளுக்குத் தெரியாது. தனக்குப் பங்கு உண்டுன்னு மாமியாருக்கும் தெரியாது. துக்க வீட்டுல வாரிசுச் சான்றிதழுக்கு அலையும்போது தெரிஞ்சா, அங்கே சண்டைதான் மிஞ்சும்.

அதனால வருஷத்துக்கு ஒரு தடவை, ஒரு மணி நேரம், பணத்தைப் பார்த்துக்காத அந்தத் துணையோட மட்டும் உட்கார்றேன். பெரும்பாலும் மனைவி, சில வீடுகள்ல கணவன். அவங்க போன்ல, அவங்க கையால எல்லாக் கணக்கையும் திறந்து பார்க்கணும். நாமினி பேரைப் படிக்கணும். டேர்ம் பாலிசி எங்கே இருக்குன்னு எடுத்துக் காட்டணும். உயில் எழுதியாச்சான்னு கேட்பேன். அந்த மணி நேரத்துக்கு எந்த ஃபண்டும் விக்காது. ஆனா என் 35 குடும்பங்கள்ல பெரும்பாலானவங்க வந்தது, இந்த ஒரு மணி நேரத்தைப் பத்தி ஒரு பொண்ணு இன்னொரு பொண்ணுகிட்ட சொன்னதாலதான். விளம்பரத்துக்கு நான் செலவு பண்ணதில்ல.

நேயர் கேள்விகள்

"என்ன தகுதி வேணும், எவ்வளவு முதல் வேணும்?" முன்பு ஆலோசகராக முதுகலைப் பட்டமும் ஐந்து வருட அனுபவமும் கேட்டார்கள். 2024 டிசம்பர் திருத்தத்துக்குப் பிறகு பட்டப்படிப்பும் அந்த இரண்டு தேர்வுகளும் போதும், அனுபவம் கட்டாயம் இல்லை. 150 கிளையன்ட் வரை ஒரு லட்சம் ரூபாய் டெபாசிட் காட்ட வேண்டும். விதி கேட்கலைன்னாலும் இரண்டு வருஷமாவது யார்கிட்டயாவது வேலை பார்த்துட்டு வாங்க.

"எனக்கு அவ்வளவா பேச வராது அக்கா, சரிப்படுமா?" திருப்பூர் குடும்பத்துல முக்கியமான வாக்கியம் வந்தது நான் பேசாம இருந்தப்போதான். பேசத் தெரிஞ்சவங்க இந்தத் துறையில நிறைய பேர் இருக்காங்க. கேட்கத் தெரிஞ்சவங்க வாங்க.

"நான் ஆலோசகர் ஆகப் போறதில்ல, நல்ல ஆலோசகரை எப்படிக் கண்டுபிடிக்கிறது?" செபி இணையதளத்தில் பதிவு எண்ணைச் சரிபாருங்க. முதலீட்டு ஆலோசகர் என்றால் எண் 'ஐ.என்.ஏ.' என்று தொடங்கும். வாட்ஸ்அப் குரூப்ல டிப்ஸ் கொடுக்கிறவர்கிட்ட அந்த எண்ணைக் கேளுங்க, பாதி பேர் உங்களையே குரூப்லருந்து தூக்கிடுவாங்க.

பதிவு இருக்கிறவர்கிட்டயும் ஒரு கேள்வி கேளுங்க. உங்க பணத்தை இப்போ யார் பார்த்துக்கிறாங்களோ, பேங்க் மேனேஜரோ, சித்தப்பாவோட ஃபிரெண்டோ, ஆப்போ, இந்த வாரமே கேளுங்க: "இதைச் சொல்றதுக்கு உங்களுக்குக் காசு யார் தர்றாங்க, எவ்வளவு?" கோபப்படாம, ரூபாய்க் கணக்குல பதில் சொன்னா அவரை விட்டுடாதீங்க. இந்த வேலைக்கு வரப்போறவங்களுக்கும் அதேதான். கிளையன்ட் கேட்கிறதுக்கு முன்னாடி நீங்களே அந்தப் பதிலைச் சொல்லிட்டுப் பேச்சை ஆரம்பிங்க.

அடுத்த எபிசோட்ல உயில் எழுதறது எப்படின்னு பார்க்கலாம். ஒரு வெள்ளைத் தாளும் இரண்டு சாட்சியும் ரெடியா வச்சுக்கோங்க. வர்றேன்.